வாசலில் நின்று செய்தி சொல்லும் இன்சுலின்

நாம் சாப்பிட்ட சிறிது நேரத்தில் இரத்தத்தில் குளுக்கோஸ் மிகுகிறது. உடனே கணையம் இன்சுலின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. குளுக்கோஸ் செல்களுக்குள் போய்ச் சேர்கிறது. இவ்வளவும் நாம் அறிந்ததே. ஆனால் இன்சுலின் செல்லிடம் அப்படி என்னதான் சொல்கிறது?

இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு புரதம். செல்லைச் சூழ்ந்த சவ்வோ கொழுப்பாலானது. கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கொழுப்பில் கரைவதால் சவ்வைக் கடந்து உள்ளே போய்விடும். இன்சுலினால் அது இயலாது. விடுதி மாணவியைப் பார்க்க வரும் பெற்றோர் மாடிப் படுக்கையறை வரை போவதில்லை அல்லவா? வாசலில் இருக்கும் சிஸ்டரிடம் சொன்னால் போதும், செய்தி உள்ளே போய்விடும். செல்லின் வாசலில் அப்படி நிற்பவைதாம் ஏற்பிகள்.

ஏற்பியும் ஒரு புரதமே. அதன் ஒரு பகுதி சவ்வுக்கு வெளியேயும் மறுபகுதி உள்ளேயும் இருக்கும். வெளிப்பகுதியில் இன்சுலின் வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவமே மாறுகிறது. உடனே உட்பகுதி விழித்துக்கொண்டு, பாஸ்பேட்டுகளை முதலில் தன்மீதும் பிறகு அருகிலுள்ள புரதங்கள்மீதும் ஒட்டுகிறது. அவை அடுத்தவற்றைத் தூண்ட, செய்தி பெருகிக்கொண்டே போகிறது. தசைச் செல்லுக்குள் சிறு பைகளில் அடங்கிக் கிடந்த குளுக்கோஸ் கடத்திகள் சவ்வுக்கு வந்து சேர்கின்றன; அவற்றின் வழியே குளுக்கோஸ் நுழைகிறது. இன்சுலின் குறைந்ததும் கடத்திகள் மீண்டும் உள்ளே போய்விடும்.

இன்சுலினின் முப்பரிமாண வடிவத்தைக் கண்டறிந்தது டாரதி ஹாட்ஜ்கின் என்ற பெண்மணியின் ஆய்வுக்குழு. 1930களில் அதை எக்ஸ் கதிரால் படமெடுத்தவர், 1969இல்தான் விடை கண்டார். இடையில் 1964இல் வேறு ஆய்வுகளுக்காக நோபல் பரிசே வந்தும் அவர் இதை விடவில்லை!

சர்க்கரை நோய் என்றாலே, இனிப்பு தின்றதன் பலன் என்று பேசிவிடுகிறோம். சிறு வயதிலேயே அந்நோய் கண்ட பிள்ளையிடம் அப்படிச் சொல்வது கொடுமை. அப்பிள்ளையின் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் தற்காப்பு மண்டலமே அழித்துவிட்டது. வாசலில் சிஸ்டர் இருக்கிறார். செய்தி கொண்டு வருபவர்தாம் இல்லை. நம் பாட்டிமாருக்கு வருவது பெரும்பாலும் வேறு வகை. இன்சுலின் வருகிறது, செய்தி சரியாக உள்ளே போவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது.

மாத்திரையாக விழுங்கினால் குடல் இன்சுலினையும் பருப்பைப் போலவே செரித்துவிடும். ஆகவேதான் ஊசி. 1922 ஜனவரியில் டொராண்டோவில், சாகக் கிடந்த 14 வயது லியோனார்டு தாம்சனுக்குக் கணையச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார்கள். முதல் ஊசி போதிய பலன் தரவில்லை. 12 நாள் கழித்து, நன்கு சுத்திகரித்த சாற்றைச் செலுத்தியதும் இரத்தச் சர்க்கரை இறங்கியது. அதன்பின் அவன் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.