மூலைமட்டமும் மூன்று சான்றிதழ்களும்

ஃபிட்டர் பயிற்சிக்குச் சேர்ந்த பையனுக்கு முதல் மாதங்களில் வாய்க்கும் வேலை, வைஸில் இறுகக் கட்டிய இரும்புத் துண்டை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பதுதான். ராவியபின் மூலைமட்டத்தை அதன் விளிம்பிலே பொருத்தி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இடையிலே ஒளிக்கீற்று கசிகிறதா என்று பார்த்து, கசிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். இரும்பை இத்தனை நிதானமாகச் சோதிக்கக் கற்ற அதே பையன், தன் சான்றிதழ் மேற்படிப்பின் விதிக்குப் பொருந்துகிறதா என்று பாராமலே, 'ஐ.டி.ஐ. படித்தவனுக்கு இதற்குமேல் ஏது படிப்பு?' என்னும் உறவினரின் அபிப்பிராயத்தைச் சாசனமாக ஏற்றுக்கொள்வது நம் ஊர்களில் சகஜமாக இருக்கிறது.

அந்த அபிப்பிராயம் பிழையானது. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புத் தேறியபின் ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் போன்ற ஈராண்டுத் தொழிற்பிரிவு ஒன்றை முடித்தவர், பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். டிப்ளமோ தேறியவர், பி.இ. படிப்பிலும் அவ்வாறே நேரடி இரண்டாம் ஆண்டில் பிரவேசிக்கலாம். ஐ.டி.ஐ.க்கு 2, டிப்ளமோவுக்கு 2, பி.இ.க்கு 3 என்று கூட்டினால் 7 ஆண்டுகள். மேனிலைப் பள்ளி வழியாகப் போனவனுக்கோ 6 ஆண்டுகள். வித்தியாசம் ஓராண்டே. அந்த ஓராண்டுக்குப் பிரதியாக இவன் கையில் மூன்று சான்றிதழ்கள் சேர்கின்றன. குடும்ப நிலைமையால் நடுவில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும், அதுவரை பெற்றதைக் கொண்டு பிழைக்க வழி இருக்கிறது.

பொறியியலை விரும்பாமல் கலை, வணிகவியல் பட்டங்களை நாடுவோர்க்கும் மார்க்கம் உண்டு. பத்தாம் வகுப்புக்குப்பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவர், மேனிலை வகுப்பின் மொழிப்பாடத் தேர்வுகளை எழுதித் தேறினால், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியைப் பெறலாம். அரசுப் பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது, ஐ.டி.ஐ., டிப்ளமோ மாணவர்களும் இதற்கு உரியவர்களே.

இனி, ஒளி கசியும் இடங்களைச் சொல்லுகிறேன். வெல்டர் போன்ற ஓராண்டுப் பிரிவை முடித்துவிட்டு நேரடி இரண்டாம் ஆண்டை எதிர்பார்ப்பது வீண். தனியார் பயிற்சி நிலையமாயின், நிலையத்துக்கு மட்டுமன்றி, நீங்கள் சேரும் அந்தப் பிரிவுக்கே மத்திய அரசின் பயிற்சித் தலைமை இயக்ககத்தின் (டி.ஜி.டி.) அங்கீகாரம் உண்டா என்று பணம் கட்டுமுன் கேட்டறிய வேண்டும். தபால் வழியில் பொறியியல் பட்டம் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களை நம்பலாகாது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதியின்றி இத்தகைய பட்டங்களை வழங்கலாகாதென்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்போ அதற்கு இணையான தகுதியோ இன்றித் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரே பட்டம் பெற்றவர், பிற்காலத்தில் அரசு உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும்போது, 10, 12, பட்டம் என்னும் வரிசை குலைந்ததென்ற காரணத்தால் நிராகரிக்கப்படும் அபாயமும் உண்டு.

கல்லூரியை விட்டு விலக விரும்பும் மாணவனின் அசல் சான்றிதழ்களைப் பணயமாக வைத்துக்கொள்ள எந்த ஸ்தாபனத்துக்கும் அதிகாரமில்லை. நன்கொடை என்ற பெயரில் நிர்ணயித்த கட்டணத்துக்குமேல் வசூலிப்பதைத் தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இத்தகைய அநியாயம் நேர்ந்தால் வாய்ச்சண்டையில் பயனில்லை; எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குவதே முதற்படி. கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருந்தாக வேண்டுமென்றும், புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அது அறிக்கை தர வேண்டுமென்றும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகள் சொல்லுகின்றன. அதிலும் நியாயம் கிடைக்காவிடில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பாலிடெக்னிக் சம்பந்தமான முறையீடு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கும், ஐ.டி.ஐ. சம்பந்தமானது வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறைக்கும் போக வேண்டும். விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டதென்று அரசு அலுவலகம் சொல்லாவிடில், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்டால் 30 நாட்களுக்குள் பதில் தர அது கடமைப்பட்டது.

விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்குமுன், விதிமுறைக் குறிப்பேட்டை ஒரு பக்கமும் சான்றிதழை மறுபக்கமும் வைத்து வரிக்கு வரி ஒப்பிட அரைமணி நேரம் போதும். இரும்பிலே இடைவெளி தெரிந்தால் இன்னும் ராவலாம்; இங்கே தெரியும் இடைவெளியையும் ஒரு மொழிப்பாடத் தேர்வோ ஓர் இணைச் சான்றோ அடைத்துவிடும், காலம் தாழ்த்தாமல் பார்த்திருந்தால்.