நெல்லுக்கு வேலி... வயிற்றுக்கு டின்னவெல்லி!

திருநெல்வேலி பேரை உலகத்துக்குக் கொண்டு போனது அல்வாதான் என்று நினைத்துக் கொண்டிருந்தால், ஸாரி! வெளிநாட்டு மருந்துப் புத்தகங்களில் 'டின்னவெல்லி சென்னா' என்று ஒரு சரக்கு உண்டு. வேறொன்றுமில்லை, நம்ம நிலாவாரை. உபயோகம்? மலச்சிக்கல்!

இதைச் சொன்னதும் டவுனில் ஒரு டீக்கடை அண்ணாச்சி கொதித்துப் போனார். "சாமி நெல்லுக்கு வேலி கட்டின ஊர்லா! இப்பிடியா ஆக்குவானுவ?"

நியாயமான கோபம்தான். நைவேத்தியத்துக்குக் காயப் போட்ட நெல்லை மழை அடித்துப் போகாமல் சிவபெருமான் வேலியிட்டுக் காத்தார் என்கிறது தலபுராணம். அதனால்தான் நெல்வேலி. வெள்ளைக்காரன் வாயில் நெல்லும் போச்சு, வேலியும் போச்சு. பாளையங்கோட்டை 'பாலம்கோட்டா' ஆச்சு. தூத்துக்குடி 'டூட்டிகோரின்'!

ஆனால் இந்த நாக்குச் சுளுக்கு வெள்ளைக்காரனோடு ஆரம்பித்ததில்லை. நம்ம ஆற்றையே பாருங்கள். சங்கப் புலவர்களுக்கு அது பொருநை. வடமொழியில் தாம்ரபர்ணி. தாம்ரம் என்றால் செம்பு, பர்ணம் என்றால் இலை. இதே பேர் இலங்கைக்கும் இருந்தது. பாலி மொழியில் 'தம்பபண்ணி'. மகாவம்சம் அதற்கு வேறு கதை சொல்கிறது. கரையிறங்கிய விஜயனின் ஆட்கள் களைத்துப் போய்த் தரையில் கை ஊன்ற, உள்ளங்கை செம்மண்ணில் சிவந்து விட்டதாம். இங்கே இலை, அங்கே கை!

கிரேக்கர்கள் அதை 'தப்ரொபனே' ஆக்கினார்கள். 1605-ல் வெளியான ஸ்பானிய நாவல் 'டான் கிஹோட்டே'யில் பார்த்தால் 'த்ரபொபானா'. நடுவில் இருந்த 'ர' முன் ஸீட்டுக்கு வந்து விட்டது!

சிரிக்கலாம். ஆனால் இந்தத் தப்புகளால் நமக்கு லாபமும் உண்டு. இன்று கொற்கைக்குப் போய்க் கடலைத் தேடினால் கிடைக்காது. தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டல், கடலைச் சில கிலோமீட்டர் தள்ளி விட்டது. ஆனால் முதல் நூற்றாண்டுக் கிரேக்க மாலுமிக் கையேடான 'பெரிப்ளுஸ்', 'கொல்கோய்' என்று ஓர் ஊரைக் குறித்து வைத்திருக்கிறது. பாண்டிய நாட்டு ஊர், அங்கே முத்துக் குளிப்பவர்கள் தண்டனைக் கைதிகள் என்கிற விவரத்தோடு! உச்சரிப்பு கோணல்தான், சாட்சி நேர்.

2020-ல் 1018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் உச்சரிப்புப்படியே எழுதணும் என்று தமிழக அரசு ஆணை போட்டது. எந்த எழுத்தைப் போடுவது என்று ஏகப்பட்ட சண்டை. சில நாளிலேயே ஆணை வாபஸ்!

மறுபடி முயற்சி செய்தால் எனக்கு முழுச் சம்மதம். ஒரே ஒரு விண்ணப்பம். சரியான பேரை போர்டில் எழுதுங்கள். தப்பான பேரைப் பழைய பேரேட்டில் அப்படியே விட்டு வையுங்கள்.

சரித்திரம் என்றைக்காவது ஆடிட்டுக்கு வரும் சார்!