கலந்த ஒலியைப் பிரிக்க முடியுமா?

இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 10. அந்த எண்கள் எவை?

7-ம் 3-ம் ஆகலாம். 6-ம் 4-ம் ஆகலாம். “இந்த ஒரு விவரத்தை வைத்துக்கொண்டு விடை கூற இயலாது” என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். பழைய திரைப்பாடல் ஒன்றைக் கொடுத்து, அதிலுள்ள புல்லாங்குழலை மட்டும் தனியே எடுத்துத் தரச் சொல்வதும் ஏறத்தாழ இதே கணக்குத்தான்.

ஏன் என்று பார்ப்போம். எங்கள் மணிமங்கலம் ஏரியில் அருகருகே இரு கற்களை எறிந்தால் இரண்டு அலை வட்டங்கள் விரிந்து ஒன்றையொன்று கடந்து செல்லும். அவை சந்திக்கும் இடத்தில் மிதக்கும் ஓர் இலை, இரண்டு அலைகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் அசைவைத்தான் காட்டும். இதுவே மேற்பொருந்துதல் தத்துவம். ஒலிவாங்கியின் மெல்லிய தகடும் அந்த இலையைப் போன்றதே. பாடகர், வயலின், தபேலா எல்லாம் ஒருசேர ஒலித்தாலும், ஒரு கணத்தில் அதன் இடப்பெயர்ச்சி ஒன்றே. நாடாவில் பதிவாவது கூட்டுத்தொகை மட்டுமே. கூட்டப்பட்ட எண்கள் மறைந்துவிடுகின்றன.

ஒரே நாடா, பல தடங்கள்

கூட்டாமலேயே பதிவு செய்தால் என்ன? இந்த எண்ணத்தில் பிறந்ததே பல்தடப் பதிவு. அமெரிக்க கிதார் கலைஞர் லெஸ் பால் 1957-ல் ஆம்பெக்ஸ் நிறுவனத்திடமிருந்து 8 தடப் பதிவுக் கருவியைப் பெற்றார். பின்னாளில் சுமார் 5 செ.மீ. அகல நாடாவில் 24 தடங்கள் இடம்பெற்றன. நெடுஞ்சாலையில் வண்டிகள் தத்தம் தடத்தில் செல்வதுபோல, ஒவ்வொரு கருவியின் ஒலியும் தனக்குரிய தடத்தில் காந்தப் பதிவாக நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பு பதிந்த தாளத்தைக் கேட்டுக்கொண்டே பாடகர் பாட வேண்டும். கருவியில் பதிவுத் தலையும் ஒலிப்புத் தலையும் தள்ளித் தள்ளி இருக்கும். இடைவெளி 4 செ.மீ. என்றும், நாடாவின் வேகம் நொடிக்கு 38 செ.மீ. என்றும் கொண்டால், பாடகரின் குரல் சுமார் 1/10 நொடி பிந்திப் பதிவாகும். தாளம் கெட இது போதுமே! பதிவுத் தலையையே பழைய தடங்களை ஒலிக்கச் செய்யவும் பயன்படுத்தி இச்சிக்கலைத் தீர்த்தனர். 1975-ல் குயின் குழுவினர் தங்கள் ‘பொஹீமியன் ராப்சடி’ பாடலில், மூவரே திரும்பத் திரும்பப் பாடிப் பதிந்து ஒரு பெருங்குழு பாடுவதுபோல் ஒலிக்கச் செய்தனர்.

தடங்கள் இருந்தால்... இல்லாவிட்டால்...

தடங்கள் தனித்தனியே இருந்தால் எத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் புதிதாகக் கலக்கலாம். டேவிட் பைர்ன், பிரையன் ஈனோ இருவரும் 1981-ல் வெளியிட்ட இசைத்தொகுப்பு 2006-ல் மறுபடி வெளிவந்தது. அப்போது இரண்டு பாடல்களின் தடங்களை ரசிகர்களுக்கே திறந்துவிட்டனர். ரசிகர்கள் ஒரு கருவியைக் கூட்டியும் மற்றொன்றைக் குறைத்தும் தத்தம் வடிவங்களை உருவாக்கினர்.

நம் நாட்டின் ‘முகலே ஆஸம்’ (1960) இதற்கு நேர்மாறு. அதன் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. 2004-ல் வண்ணப்படமாக வெளியிட்டபோது பழைய பதிவிலிருந்து குரல்களை மட்டும் வைத்துக்கொண்டனர். இசை முழுவதும், முதலில் இசையமைத்த நௌஷாத்தின் வழிகாட்டலில் உத்தம் சிங்கால் மீண்டும் உருவாக்கப்பட்டது.

நீங்களே செய்து பாருங்கள்

ஸ்டீரியோ பதிவில் இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. பாடகரின் குரல் (கு) பெரும்பாலும் இரண்டிலும் சமமாக வைக்கப்படும். வயலின் (வ) இடத்திலும் கிதார் (கி) வலத்திலும் இருப்பதாகக் கொள்வோம்.

இடம் = கு + வ
வலம் = கு + கி
இடம் − வலம் = வ − கி

குரல் நீங்கிவிட்டது! ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருளில் ஒரு பாடலைத் திறந்து, இரு தடங்களையும் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கிப் பின் இரண்டையும் ஒன்றாகச் சேருங்கள். தலைகீழாக்குவது என்பது கழித்தல் குறி இடுவதே. குரல் மங்கிப்போவதைக் கேட்பீர்கள். நடுவில் வைக்கப்பட்ட மற்றக் கருவிகளும் உடன் மறையும். குரலின் எதிரொலி சற்றுத் தங்கும். ஆனால் குரலை மட்டும் தனியே பெற முடியாது. மூன்று மாறிகள் இருக்க, சமன்பாடுகள் இரண்டே அல்லவா?

தமிழில் ஸ்டீரியோ முறையில் பதிவான பாடல்களுக்கு முன்னோடி ‘ப்ரியா’ (1978) படப் பாடல்கள். அதற்கு முந்தைய ஒற்றைத் தடப் பாடலில் இதே சோதனையைச் செய்தால் என்ன ஆகும்? இடமும் வலமும் ஒன்றே. ஆகவே கழித்தால் சுழி. மௌனம்தான் மிஞ்சும்.

கணிப்பொறியின் ஊகம்

இன்று கணிப்பொறிக்கு ஆயிரக்கணக்கான பதிவுகளைக் கேட்கச் செய்து, குரலின் இயல்பு எது, பியானோவின் இயல்பு எது என்று பயிற்றுவிக்கின்றனர். ஜான் லெனன் 1970-களின் இறுதியில் வீட்டில் பதிந்த ஒலிநாடாவில் பியானோ குரலை அமுக்கியிருந்தது. இம்முறையில் குரலைப் பிரித்தெடுத்து, 2023-ல் ‘நவ் அண்ட் தென்’ பாடலை பீட்டில்ஸ் வெளியிட்டனர். வியத்தகு சாதனைதான். எனினும் இது 10-ஐப் பார்த்து “7-ம் 3-ம் ஆக இருக்கக்கூடும்” என்று சொல்லும் நல்ல ஊகமே. பதிந்து வைத்த தடத்திற்கு அது ஈடாகாது.

பிரித்த குரல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் எழுகிறது. 2024-ல் வெளிவந்த ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கினர். அவர்கள் குடும்பத்தாரின் அனுமதி பெற்று ஊதியமும் அளித்ததாக ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். கருவி கையில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. பல பழைய நாடாக்களில் காந்தத் துகள்களைப் பிடித்துவைக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள்கள் உதிரும். மிதமான வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்தி, உடனே கணிப்பொறிக்கு மாற்றிவிட வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்திற்குக் குறைவில்லை. ஆகவே மூலத் தடங்கள் எங்கேனும் அலமாரிகளில் உறங்கினால் அவற்றை இப்போதே காப்பது நல்லது. கூட்டுத்தொகை ஆயிரம் பிரதிகளில் பிழைத்திருக்கும். கூட்டிய எண்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாடாவில்தான் இருக்கின்றன.