செயற்கூறின் திருப்பு மதிப்பும் மாறியின் வரையெல்லையும்

கணினி நிரலாக்கத்தில் திருப்பு மதிப்பு என்பது, ஒரு செயற்கூறு தன் பணியை முடித்தபின் தன்னை அழைத்த இடத்துக்கு அளிக்கும் விடை ஆகும். ஒரு மாறியின் பெயர் நிரலின் எப்பகுதியில் செல்லுபடியாகுமோ, அப்பகுதி அம்மாறியின் வரையெல்லை எனப்படும். இவை பெரும்பாலும் தனித்தனியே கற்பிக்கப்படுகின்றன. எனினும் ஒன்றையொன்று சார்ந்தவை. செயற்கூறுக்குள் தோன்றிய மாறி வெளியே தெரியாது என்பதாலேயே விடையைத் திருப்பித் தரவேண்டியுள்ளது.

எடுத்துக்காட்டு

கோழிப்பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லில் முட்டைகள் 30 கொள்ளும் தட்டுகளில் அடுக்கப்படுகின்றன. மூன்று பண்ணைகளிலிருந்து முறையே 1000, 955, 1220 முட்டைகள் வருவதாகக் கொள்வோம். தனித்தனியே அடுக்கினால் 33, 31, 40 என 104 தட்டுகள் நிறையும். 10, 25, 20 முட்டைகள் மிஞ்சும். மிஞ்சிய 55 முட்டைகளைச் சேர்த்தால் இன்னொரு தட்டு நிறைந்து 25 எஞ்சும். இதற்கு ஒவ்வொரு பண்ணையின் மிச்சமும் நிரலின் மையப் பகுதிக்கு வந்து சேரவேண்டும். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியில் அச்செயற்கூறு பின்வருமாறு அமையும்:

நிரல்பாகம் மிச்சம்_காண்(முட்டை)
    பின்கொடு முட்டை % 30
முடி

"பின்கொடு" என்பதற்குப் பதிலாக "பதிப்பி" என்று எழுதினாலும் திரையில் அதே எண்தான் தோன்றும். புதிதாகக் கற்போர் ஏமாறும் இடம் இதுவே. திரையில் தோன்றிய எண்ணைப் பயனர் காண்பார். நிரலால் அதைக் கூட்ட இயலாது. பைத்தான் மொழியில் எதையும் திருப்பாத செயற்கூறு, வெறுமையைக் குறிக்கும் "நன்" என்ற மதிப்பையே தரும். அதை எண்ணுடன் கூட்ட முயன்றால் பிழைச்செய்தி வரும்.

பிழைச்செய்தி வராத தவறே கடினமானது. பைத்தானில் வெளியே "மிச்சம்" என்ற மாறிக்கு 0 என மதிப்பளித்து, செயற்கூறுக்குள்ளும் "மிச்சம்" என்ற பெயருக்கே விடையை அளித்தால், உள்ளே அதே பெயரில் வேறொரு மாறி உருவாகும். செயற்கூறு முடிந்ததும் அது மறையும். வெளியே உள்ளது 0 ஆகவே நிற்கும். 55 முட்டைகள் ஓசையின்றிக் கணக்கிலிருந்து விடுபடும். உள்ளே "குளோபல்" என அறிவித்தாலும் இங்குப் பயனில்லை. ஒவ்வொரு அழைப்பும் முந்தைய மதிப்பை அழித்தெழுதுவதால் இறுதியில் 20 மட்டுமே இருக்கும். மதிப்பைத் திருப்பிப் பெற்று, அழைத்த இடத்தில் கூட்டுவதே தெளிவான வழி.

வரலாறு

தொகுதிகளுக்கு உட்பட்ட வரையெல்லையை 1960 இல் வரையறுக்கப்பட்ட அல்கால் 60 பரவலாக்கியது. சி, பாசுக்கல் முதலியன இம்மரபில் வந்தவை. பைத்தான் ஒரு பெயரை முதலில் உள்ளமை வரையெல்லையிலும், பின்னர் அடைக்கப்பட்ட, முழுதளாவிய, உள்ளிணைந்த வரையெல்லைகளிலும் முறையே தேடும். தமிழ்நாட்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலில் (2019) இந்நான்கும் தனி இயலாக இடம்பெற்றன.