மெரினாவுக்கு எப்போது போகலாம்?

கோடை விடுமுறைக்குச் சென்னையில் மாமா வீட்டுக்கோ பெரியம்மா வீட்டுக்கோ வருகிறவர்கள், பெட்டியைக் கீழே வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி "பீச்சுக்கு எப்போது போகலாம்?" என்பதுதான். "வெயில் தாழட்டும்" என்பார்கள் பெரியவர்கள். நல்ல பதில்தான், ஆனால் முழுப் பதில் அன்று. எந்த நாள், எத்தனை மணி, கரையில் எந்த இடம் என்று திட்டமிடக் கொஞ்சம் பௌதிகமும் வேண்டும்.

முதலில் காற்றைப் பார்ப்போம். ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஏறக்குறைய 4.2 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் உலர்ந்த மணலுக்கோ 0.8 ஜூல் போதும். மேலும், கடலில் விழும் வெயில் பல மீட்டர் ஆழம் வரை பரவிவிடுகிறது. மணலில் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. அதனால்தான் நண்பகலில் மெரினா மணலில் செருப்பின்றி நடக்க முடிவதில்லை. அதே வேளையில் நீர் இதமாக இருக்கிறது. சூடான நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகி மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசுகிறது. இதுவே கடற்காற்று.

ஆனால் கடற்காற்று தினமும் ஒரே நேரத்துக்கு வருவதில்லை. ஏப்ரலில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி வந்துவிடும். மே மாதக் கடைசியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து அனல் காற்று பலமாக வீசும். அது கடற்காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. அந்நாட்களில் கடற்காற்று பிற்பகல் வரை தாமதமாகும். சில நாள் வராமலே போகும். மொட்டை மாடியில் காயும் துணி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பாருங்கள். மேற்கு நோக்கிப் பறந்தால் கடற்காற்று வந்துவிட்டது, புறப்படலாம். இல்லையென்றால் காலையில் போவதே மேல். மே மாதத்தில் சென்னையில் சுமார் ஐந்தே முக்கால் மணிக்குச் சூரியன் கடலிலிருந்து எழும். சுண்டலும் பஜ்ஜியும் அந்நேரத்தில் கிடைக்காது என்பது ஒன்றுதான் குறை!

நடுப்பகலில் போவது சரியல்ல. உலர்ந்த மணல் புற ஊதாக் கதிர்களில் சுமார் 15 விழுக்காட்டையும், கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே தலையில் தொப்பி இருந்தாலும் கீழிருந்து வரும் கதிர் முகத்தில் படும்.

காமராசர் சாலையிலிருந்து நீர் விளிம்புக்கு வெகுதூரம் மணலில் நடக்க வேண்டியிருக்கிறதே, ஏன்? அந்த மணலில் பெரும்பகுதி கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. இச்சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லம் முன்பு ஐஸ் ஹவுஸ் எனப்பட்டது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1840களில் கட்டியது. கரையில் இறக்கிய பனிக்கட்டி உருகுமுன் உள்ளே கொண்டுபோக வேண்டும்; எனவே கட்டடத்தைக் கடலருகே அமைத்தார்கள். இன்று அதன் வாசலிலிருந்து அலை வெகுதூரம்! நம் கிழக்குக் கரையை ஒட்டி அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. 1876இல் தொடங்கிக் கட்டிய துறைமுகச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே இராயபுரம் பக்கம் மணல் வரவு நின்று, கடல் கரையை அரித்தது. அங்கே இன்று காண்பது மணல் அன்று, கொட்டிவைத்த கருங்கற்கள். நமக்குக் கிடைத்த விளையாட்டுத் திடல் அங்குள்ளவர்கள் இழந்த கரை என்று சொன்னால் தவறில்லை.

இனி மிக முக்கியமான விஷயம். மெரினாவில் கடலில் இறங்கிக் குளிக்கத் தடை உண்டு. காணும் பொங்கலன்று காவல்துறையினர் நீருக்கு முன்னால் தடுப்பே கட்டுகிறார்கள். "எனக்குக் கிணற்றில் நீந்தத் தெரியுமே, கடலில் என்ன பயம்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு கணக்கு.

அலைகள் ஓயாமல் நீரைக் கரைப்பக்கம் தள்ளுகின்றன. அப்படிக் குவிந்த நீர் திரும்பிப் போயாக வேண்டும். கரைக்குச் சற்றுத் தள்ளி நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். அவற்றின் நடுவே இடைவெளி எங்கே உள்ளதோ அங்கே நீரெல்லாம் ஒன்றுகூடி, ஒரு குறுகிய ஆறுபோலக் கடலை நோக்கி ஓடுகிறது. இதை இழுப்பு நீரோட்டம் என்கிறோம். இதன் வேகம் சில வேளைகளில் விநாடிக்கு 2 மீட்டரை எட்டும். ஒலிம்பிக் வீரர்கள் 50 மீட்டரைச் சுமார் 21 விநாடியில் நீந்துகிறார்கள். அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். சாதாரணமாக நீந்தத் தெரிந்த ஒரு மாணவன் விநாடிக்கு 1 மீட்டர் நீந்தினாலே அதிகம். நீரோட்டத்தை எதிர்த்துக் கரையை நோக்கி அவன் எவ்வளவு முயன்றாலும் விநாடிக்கு 1 மீட்டர் பின்னால்தான் போவான். களைப்பே அவனை மூழ்கடிக்கிறது. நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, கடலுக்குள்தான் கொண்டுபோகிறது. இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

இதில் ஏமாற்றும் அம்சம் ஒன்று உண்டு. நீர் ஆழமாக உள்ள இடத்தில் அலை உடைவதில்லை. ஆகவே இருபுறமும் வெண்ணுரை பொங்க, நடுவில் அமைதியான, சற்றுக் கருமையான பட்டை தெரியும். கலங்கிய மணலும் நுரையும் அதன் வழியே வெளியே மிதந்து போகும். 'இங்கே அலை இல்லை, பயமில்லை' என்று இறங்குபவர்கள் நேராக நீரோட்டத்தில்தான் இறங்குகிறார்கள். கல் சுவர்களை ஒட்டியும் இத்தகைய நீரோட்டம் உண்டாகும்.

கால் நனைக்கப் போய் அகப்பட்டுக்கொண்டால்? கரையை நோக்கிப் போராட வேண்டாம். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்த வேண்டும். நீரோட்டம் குறுகலானது என்பதால் சற்று நேரத்தில் அதன் பிடி விட்டுவிடும். பிறகு உடையும் அலைகளோடு சேர்ந்து கரைக்குத் திரும்பலாம். கரையில் நிற்பவர்கள் கைகோத்துக்கொண்டு உள்ளே இறங்கவே கூடாது. ஒருவரைக் காப்பாற்றப் போய்ப் பலரை இழந்த கதைகள் உண்டு. காலித் தண்ணீர் கேன், காற்றடைத்த பந்து, கயிறு என மிதப்பது எது கிடைத்தாலும் வீசி, மீனவர்களையும் காவலர்களையும் கூப்பிட வேண்டும். 108க்கும் சொல்ல வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுக்கப் பஞ்சாங்கம் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் மிகும். சென்னையில் அந்நாட்களில்கூட நீர்மட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் ஏறி இறங்கும். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இது 10 மீட்டரை எட்டும். ஒரு மீட்டர் சிறிதெனத் தோன்றலாம். ஆயினும் நீர் வற்றும்போது மணல் திட்டுகளின் நடுவே ஓட்டம் வலுக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

தண்ணீருக்குள் போகாமல் மணலில் உட்காருவதானால் பௌர்ணமிக்கு ஈடான நாள் இல்லை. மேற்கே கட்டடங்களுக்குப் பின்னால் சூரியன் மறையும் வேளையில், கிழக்கே கடலிலிருந்து முழு நிலவு எழும். அன்று போக முடியாவிட்டால் மறுநாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். அதற்கும் மறுநாள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.