அச்சாரம் கொடுத்தவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் அல்ல

நிலத்தரகர் ஒருவர் சிறிது அச்சாரம் கொடுத்து, ஆறு மாதக் கெடுவில் கிரய ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார். மறு வாரமே வயலில் கல் நட்டு, 'மனைகள் விற்பனைக்கு' என்று பலகை வைத்துவிடுகிறார். பாக்கித் தொகை மனை வாங்குவோரிடமிருந்துதான் வரவேண்டும். மனை போகாவிட்டால் விவசாயிக்குப் பணமும் இல்லை, பயிரும் இல்லை.

1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 54-ம் பிரிவின்படி, கிரய ஒப்பந்தம் மட்டும் நிலத்தில் எவ்வித உரிமையையும் உண்டாக்காது. பவர் பத்திரத்தாலும் சொந்தம் மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாக்கியது. தரகர் பிறருக்குக் கைமாற்றக்கூடியது தம் ஒப்பந்த உரிமையை மட்டுமே, நிலத்தை அல்ல.

விளம்பரத்துக்கும் வரம்பு உண்டு. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, திட்டப் பகுதியில் 500 சதுர மீட்டருக்கு (சுமார் 12 சென்ட்) மேற்பட்ட நிலத்தை மனைகளாக்கி விற்பவர் முதலில் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு முன் விளம்பரம் கூடாது. மீறினால் மதிப்பிட்ட திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். நிலம் பிறருடையதானால் அவருடைய பத்திரங்களையும் ஒப்புதலையும் காட்டியாக வேண்டும்.

ஆபத்து பெரும்பாலும் பவர் பத்திரத்தில்தான். அதைக் கொண்டு விவசாயியின் பெயராலேயே தரகர் மனைகளைக் கிரயம் செய்துகொடுக்கலாம். அது விவசாயியைக் கட்டுப்படுத்தும். பணம் பெற்றுக்கொண்டு எழுதிய பவரை நினைத்தபோது ரத்து செய்வதும் எளிதன்று. ஆகவே முழுத் தொகை வரும்வரை பவர் எழுதாமலும், மூலப் பத்திரத்தைக் கைவிடாமலும் இருப்பது நல்லது. கிரயம் தீரும்வரை சுவாதீனம் விவசாயியிடமே, கல் நடவோ விளம்பரம் செய்யவோ கூடாது என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்த்து, பத்திர எழுத்தரை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட வேண்டும்.