துதிக்கும் மொழியும் துடிக்கும் மொழியும்

சேலத்தில் சரக்கேற்றிக் கொச்சி வரை லாரி ஓட்டும் தோழனே! அங்கே மட்டாஞ்சேரியில், 1568-ல் எழுந்த யூதர் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கிறது. தொழுதவர்கள் எங்கே? பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர்.

கேள் அவர்கள் கதையை! கொச்சியில் எபிரேய மொழியில் தொழுதார்கள், மலையாளத்தில் வாழ்ந்தார்கள். ஆண்டவனுக்கு ஒரு மொழி, அங்காடிக்கு ஒரு மொழி! தொழுகையில் மனப்பாடமான மொழி, கடையிலே கத்தரிக்காய் கேட்கப் போதுமா? பாலைவன ஓரத்து நெவாத்திம் குடியிருப்பிலே பயிரிடவும் பண்டம் வாங்கவும், அம்மொழியையே புதிதாகப் பழகவேண்டியதாயிற்று.

குடியேறியோருக்கென 1949 முதல் 'உல்பான்' எனும் பள்ளிகள் அங்கே நடந்தன. எபிரேயத்தை எபிரேயத்தாலேயே கற்பிப்பது அவற்றின் முறை. பாடம் வேதமல்ல, வீடு, வேலை, விலை!

எழுத்து 22. எழுதுவது வலமிருந்து இடமாக. அன்றாட எழுத்தில் உயிர்க்குறிகள் பெரும்பாலும் இரா. புதிதாகக் கற்பவன் திணறத்தான் செய்வான். ஆனால் ஒரு வேரைப் பிடித்தால் கொத்தாகச் சொற்கள் வரும். 'கத்தவ்' என்றால் எழுதினான். 'மிக்தாவ்' என்றால் கடிதம். 'க்தோவெத்' என்றால் முகவரி.

இந்த மொழி ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் எவர் வீட்டுத் தாய்மொழியாகவும் இல்லை. ஏட்டிலும் தொழுகையிலும் அடைந்து கிடந்தது. 1881-ல் பாலஸ்தீனம் வந்த எலியேசர் பென்-யெகூதா, மறு ஆண்டு பிறந்த மகனை எபிரேயம் மட்டுமே பேசி வளர்த்தார். அகராதிக்கு 'மிலோன்' என்று புதுச்சொல் ஆக்கினார். அவர் ஒருவரா உயிர் கொடுத்தார்? இல்லை! ஆசிரியரும் உழவரும் பாட்டாளியும் பேசப் பேசத்தான் அது எழுந்து நடந்தது.

எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' எனும் சொல், நம் 'தோகை'யே என்று 1856-ல் வெளியான ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். அச்சொல்லைக் கடல் கடத்தியது பண்டிதர் பட்டிமன்றமா? வாணிபம், தோழா, வாணிபம்!

தமிழ் என்றும் நாவில் வாழும் மொழி. அந்தப் பெருமை நமக்குண்டு. ஆனால் நாமக்கல் பட்டறைத் தம்பி, உன் லாரிக் கடன் பத்திரம் எந்த மொழியில்? தறிக்காரத் தோழா, எந்திரத்தின் எச்சரிக்கைப் பலகை எந்த மொழியில்? புரியாத தாளில் கையொப்பமிட்டுவிட்டு, மேடையின் கீழ் நின்று 'தமிழ் வாழ்க' என்று முழங்கினால் போதுமா?

துதிக்க ஒரு மொழி, துன்புற ஒரு மொழி என்ற நிலை நமக்கு வேண்டாம். அடுத்த முறை தாளை நீட்டுபவரிடம் சொல்: "தமிழில் தாருங்கள், படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறேன்!"